பை வேண்டாம்

மத்தியான வெயில்ல படம் எடுத்தா யாரும் அழகா விழ மாட்டாங்க மேடம். கண்ணுக்குக் கீழ நிழல் தட்டிடும். காலையில ஏழுலேருந்து எட்டு, சாயங்காலம் அஞ்சுலேருந்து ஆறு, அவ்வளவுதான். இது தெரியாமதான் பாதிப் பேர் ஊர் ஊராச் சுத்திட்டு, முகத்தைத் தொங்கப்போட்டுக்கிட்டு வீடு திரும்பறாங்க.

அதனால ஒவ்வொரு பயணத்துக்கும் நான் ஒரு தாள் போடுவேன். எந்தத் தெரு, எத்தனை மணி, என்ன உடுப்பு, கையில என்ன. உங்க மேஜை மேல இருக்கறது அந்தத் தாள்தான். என் கையெழுத்துதான். முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிற ஆள் நான் இல்லை.

எங்க இன்ஸ்டா பக்கத்துக்கு மூணு லட்சம் பேர். முகம் என் தங்கச்சியோடது, மத்ததெல்லாம் என்னோடது. ஊர் தேடறது, ரூம் பிடிக்கிறது, கவுனுக்கு இஸ்திரி போடறது, தரையில படுத்துக்கிட்டு எடுக்கறது, கடைசியில படத்துக்குக் கீழ அவளே எழுதின மாதிரி ரெண்டு வரி எழுதறது. நாலு வருஷத்துல ஒரு படத்துல கூட நான் இல்லை. ஒரு தடவை கடைக் கண்ணாடியில என் முழங்கை விழுந்துடுச்சு. அதையும் நானே உட்கார்ந்து அழிச்சேன்.

போன மாசம் துணி மடிச்சுக்கிட்டே சொன்னா. "அக்கா, இந்த ட்ரிப்தான் கடைசி. நான் வேலைக்குப் போறேன். பக்கத்தை மூடிடலாம்."

"ஏன்டி திடீர்னு?"

"அலுத்துப் போச்சுக்கா. சாப்பாட்டை ஆறவச்சுட்டுத்தான் சாப்பிடறோம். சிரிச்சு சிரிச்சு வாய் வலிக்குது. நீயும் உனக்குன்னு ஏதாவது பாரேன்."

எனக்குன்னு ஏதாவது பார்க்கணுமாம். நான் சண்டை போடலை. வயித்தெரிச்சலா இருந்துச்சு, அதை ஒத்துக்கறேன். சரிடின்னுட்டுத் தாள் போட உட்கார்ந்தேன்.

இந்த ஊர்ல அந்தப் படிக்கட்டுத் தெரு இருக்கே, நூத்தி நாப்பது படி, படிக்கு ஒரு நிறம். அதை எடுக்காதவங்க கிடையாது, ஆனா ஆள் நடமாட்டம் இல்லாம எடுத்தவங்க குறைச்சல். அவ கீழேருந்து ஓடணும், மேல போய்த் திரும்பிச் சிரிக்கணும். யாராவது குறுக்க வந்தா மறுபடி முதல் படியிலேருந்து. அவளுக்குக் குழந்தையிலேருந்து வீசிங். மாடி ஏறினாலே இழுக்கும். இன்ஹேலர் இல்லாம வாசலைத் தாண்ட மாட்டா. அது எனக்குத் தெரியாதுன்னு சொன்னா நீங்களே சிரிப்பீங்க. பள்ளிக்கூடப் பையில தினமும் அதை எடுத்து வச்சதே நான்தான்.

அன்னைக்கு ரூம்லேருந்து கிளம்பறப்ப, "அக்கா, என் பை?"ன்னா.

"மஞ்சள் கவுனுக்கு அந்தக் கறுப்புப் பை எடுப்பா இருக்காதுடி. இன்ஹேலரை நான் எடுத்துக்கிட்டேன்."

எடுத்துக்கலை. பையோட அலமாரியில வச்சுப் பூட்டியிருந்தேன்.

முதல் தடவை, பேப்பர் போடறவர் சைக்கிளைத் தூக்கிக்கிட்டுக் குறுக்க வந்துட்டார். ரெண்டாவது தடவை ஒரு நாய். மூணாவது அருமையா வந்துச்சு. உண்மையில அதோட நிறுத்தியிருக்கலாம். "முடி முகத்தை மறைச்சிடுச்சு, இன்னொண்ணு"ன்னேன். ஓடினா. படம்னு வந்துட்டா நான் சொன்ன பேச்சைத் தட்டவே மாட்டா, பாவம். ஆறாவது தடவை பாதிப் படியில உட்கார்ந்துட்டா. கையை நீட்டி, "குடுக்கா"ன்னா.

நான் தோள்பையைத் துழாவினேன். துழாவற மாதிரி நடிச்சேன்னு எழுதிக்கோங்க. அப்போ மணி ஏழு நாப்பது. வெளிச்சம் நேரா அவ கன்னத்துல விழுந்துச்சு. மேல் வீட்டு அம்மா கத்திக்கிட்டே இறங்கி வர்ற வரைக்கும் எடுத்துக்கிட்டிருந்தேன். முப்பத்தோரு படம்.

கவுன் எப்போ வாங்கினதுன்னு கேட்டீங்க. கிளம்பறதுக்கு முந்தின நாள். தாள் போட்டது அதுக்குப் பதினெட்டு நாள் முன்னாடி. அதுல படிக்கட்டுக்கு நேரா பாருங்க. உடுப்பு: இன்னும் பார்க்கலை. பை: வேண்டாம். கவுனோட நிறம் தெரியறதுக்கு முன்னாடியே பை வேண்டாம்னு எழுதிட்டேன். நிறத்தைச் சொன்னதெல்லாம் சாக்கு. ஆமா மேடம், நான்தான் கொன்னேன்.

ஒரே ஒரு உதவி. என் ஃபோனைக் கொஞ்சம் குடுங்க. இருபத்தி நாலாவது படத்துல அவ ஓடிக் களைச்சு உட்கார்ந்த மாதிரிதான் இருக்கா, கஷ்டப்பட்ட மாதிரியே தெரியாது. மூணு லட்சம் பேர் நாலு நாளா எங்கே எங்கேன்னு கேட்டுக்கிட்டிருப்பாங்க. கீழ போட வேண்டிய வரியைக் கூட யோசிச்சு வச்சுட்டேன்: 'எங்க அக்கா இல்லாம நான் இல்லை.' அவ உயிரோட இருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பா.