மேல்கோர்ட்டுக்குப் போகிறது வாஜித் வழக்கு

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமையேற்றிருக்கும், இரும்புலியூர் வியாபாரிகளின் தளராத தூண் ஹனீஃபா பாய் அவர்களே! கணவர் ரத்தினத்தைப் பறிகொடுத்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் செல்லம்மா அக்கா அவர்களே! மகன் வாஜித்தைப் பறிகொடுத்தும் நீதியை விடாமல் நிற்கும் ஷரீஃபா அக்கா அவர்களே! கடையடைத்து வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, ஜி.எஸ்.டி. ரோட்டு இரைச்சலை மீறிக் காதுகொடுக்கும் தம்பிமார்களே! சங்கச் செயலாளர் ஜெபகுமாரின் வணக்கம்.

இரண்டு சாவைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ஒன்று கத்தியால் வந்தது. மற்றொன்று காத்திருந்து காத்திருந்து வந்தது.

வாஜித்தை மறந்துவிட்டோமா? நம் மார்க்கெட்டில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்த பிள்ளை. குடித்துவிட்டு வந்த நாலு பேர் ஒரு கொய்யாப்பழ வண்டியை எட்டி உதைத்தார்கள். ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டான். கேட்டது அவ்வளவுதான்! குத்திப் போட்டுவிட்டுப் போனார்கள். மார்க்கெட்டே நின்று பார்த்தது. ஆனால் பார்த்தேன் என்று போலீஸிடம் சொன்னவர் பூக்கடை ரத்தினம் அண்ணன் மட்டும்தான். வண்டிக்குச் சொந்தக்காரர்கூட, குனிந்து பழம் பொறுக்கிக்கொண்டிருந்தேன் என்று சொல்லிவிட்டார். அவர் பெயரை இந்த மேடையில் சொல்ல மாட்டேன். பயம் யாருக்குத்தான் இல்லை?

வாய்தாவுக்கு வாய்தா வேன் பிடித்துப் போனோமே! இன்றைக்குக் கூப்பிடுவார்கள், சொல்லிவிடுவேன் என்று அண்ணன் வெள்ளைச் சட்டையோடு வருவாரே! கூப்பிட்டார்களா? கூப்பிடவே மாட்டார்கள், ஐயா! கொலை வழக்கைக் கீழ்கோர்ட் விசாரிப்பதில்லை. நால்வரையும் ஒன்றாக நிறுத்தி, குற்றப்பத்திரிகை நகலைக் கையில் கொடுத்து, வழக்கை செஷன்ஸ் கோர்ட்டுக்கு அனுப்புவதுதான் அதன் வேலை. சாட்சியை விசாரிப்பது மேலே. அது தெரியாமல், வாசலில் நின்றுகொண்டு வழக்கு நடக்கிறது என்று நம்பினோம்.

அவர்களுக்குத் தெரிந்திருந்தது! இந்த வாய்தாவுக்கு ஒருவனுக்கு வயிற்றுவலி. அடுத்ததற்கு இன்னொருவன் வெளியூர். மூன்று பேர் கைகட்டி நிற்பார்கள், நாலாவது ஆள் வரமாட்டான். முறைவைத்து வராமல் இருந்தார்கள், பாவிகள்! வராதவனைப் பிரித்துவிட்டு மற்றவர்களை அனுப்புங்கள் என்று மனுப் போடலாமாம். நமக்கு யார் சொன்னார்கள்? வக்கீல் சத்யபிரியா வந்து போட்ட பிறகுதான் வழக்கு மேலே போயிருக்கிறது.

என்ன தம்பி, கைதட்டுகிறாயா? தட்டாதே. உத்தரவு வந்த அதே வாரம்தான் ரத்தினம் அண்ணன் நெஞ்சடைத்துப் போனார்.

அவர் பார்த்தது நமக்கெல்லாம் மனப்பாடம். கோர்ட் வாசல் டீக்கடையில் எத்தனை முறை சொன்னார்! அதை நான் போய்ச் சொல்லட்டுமா? செல்லாது. ஹனீஃபா பாய் சொல்லட்டுமா? செல்லாது. போலீஸில் அவர் கொடுத்த வாக்குமூலமும், கூண்டில் ஏறி அவரே சொல்லாதவரை செல்லாது. கண்ணால் பார்த்தவர் வேண்டும். இல்லையென்றால் அந்த நாலு பேரும் சிரித்துக்கொண்டே நம் மார்க்கெட்டுக்குள் நடந்து வருவார்கள். ஷரீஃபா அக்கா அதைப் பார்க்க வேண்டுமா? பார்க்க விடலாமா?

ஆகவே கேட்கிறேன். கெஞ்சிக் கேட்கிறேன். பார்த்தவர்கள் யார்?

பின்வரிசையில் யாரோ எழுந்திருக்கிறார்கள். வழி விடுங்கள். பழக்கடை சரசு அக்கா. வாங்க அக்கா, மேலே வாங்க. மைக் வேண்டாம் என்கிறார். அவர் சொன்னதை நானே சொல்கிறேன்:

“என் வண்டிக்காகக் கேக்கப்போய்த்தான் அந்தப் புள்ள செத்துது. நான் குனியவே இல்ல. நாலு பேர் மூஞ்சியையும் பாத்துகினுதான் இருந்தேன்.”

அக்கா, அன்றைக்கு ஏன் மறைத்தாய் என்று கூண்டில் குடைந்தெடுப்பார்கள். வழியில் மிரட்டுவார்கள். உங்களைத் தனியாக விடமாட்டோம்.

ஷரீஃபா அக்கா மேடையேறி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு, இவ்வளவு நாள் எங்கேம்மா இருந்தே என்று கேட்கிறார். சபையோரே, அந்தக் கேள்வி சரசு அக்காவுக்கு மட்டும் இல்லை. பதில் இருப்பவர்கள் எழுந்து வாருங்கள். காதுகொடுத்த அனைவருக்கும் நன்றியும் வணக்கமும் சொல்லி, அவர்களுக்கு இடம்விட்டு இறங்குகிறேன்.