காஞ்சா செவந்துடும்

கணவர்: அது கருப்பு இல்ல. ஈரம்.

மனைவி: ஈரமா?

கணவர்: பொறந்து ஒரு மணி நேரம்கூட ஆகல. ஈரத்துல எல்லாமே கருப்பாத்தான் தெரியும். செங்கல்லை நனைச்சுப் பாரு.

மனைவி: தொடைச்சுத் தொடைச்சு ரெண்டு துண்டு நனைஞ்சுபோச்சு. இப்போ என் ஹேர் டிரையர் ஓடுது. இதுக்கு மேல என்ன செய்யச் சொல்றீங்க?

கணவர்: இன்னும் கொஞ்சம் காட்டு. காஞ்சா செவந்துடும்.

மனைவி: காட்டிக்கிட்டுத்தான் இருக்கேன். ஒயர் எட்டல... கன்னை இப்படித் திருப்புங்க. வாலை விட்டுட்டோம், வாலைப் புடிங்க.

கணவர்: இந்தா, பாரு பாரு. வயித்துக்கிட்ட ஒரு செம்பட்டை தெரியுது.

டாக்டர்: அது நான் தொப்புளுக்குப் போட்ட டிங்சர்.

கணவர்: ...அப்படியா.

டாக்டர்: அதைத் தொடைச்சுடாதீங்க. சோப்பு எங்கே வெச்சிருக்கீங்க? கை முட்டி வரைக்கும் பிசுபிசுன்னு இருக்கு.

மனைவி: வாளிக்குப் பின்னால இருக்கு டாக்டர். டீ அங்கேயே மேடை மேல வெச்சிருக்கேன்.

டாக்டர்: ஆத்தாக்காரி நல்லா இருக்கா. நஞ்சுக்கொடி விழுந்துடுச்சு. கன்னு எழுந்து சீம்பாலும் குடிச்சாச்சு. பொட்டைக் கன்னு. குட்டை ஜாதிக்கு நல்ல கெட்டியான உடம்பு. காதுல வில்லையை மாட்டிட்டுக் கிளம்பறேன், இன்னும் நாலு இடம் போகணும். பதிவுல அப்பா பேர் என்னன்னு போடட்டும்?

கணவர்: ஜமீன்.

மனைவி: ஜமீன்.

டாக்டர்: ...கோரஸா சொல்ல வேண்டாம். ஒருத்தர் சொன்னாப் போதும். ஜமீன்னா, அதோ அந்த மூலையில கண்ணை மூடிக்கிட்டு நிக்கிற செவலைக் காளைதானே?

கணவர்: வேற யாரு? நம்ம பண்ணையில இருக்கிற அத்தனையும் செவலை. வாசல் போர்டுல என்ன எழுதியிருக்கு? செவலைப் பண்ணை. கேட்டுக்கும் செவப்பு பெயிண்ட் அடிச்சிருக்கேன்.

மனைவி: என் ஸ்கூட்டரையும் விட்டு வைக்கல.

டாக்டர்: ஆத்தா மிளகா, செவலை. அப்பன் ஜமீன், செவலை. கன்னு மட்டும் கரி மூட்டை.

கணவர்: ஈரம்னு சொல்றேன்ல.

மனைவி: இருங்க, போன் அடிக்குது... மாட்டுத் தரகர்தான். ...சொல்லுங்கண்ணே. ...ஆமா, பொறந்துடுச்சு. ...நெறமா? நெறம் இன்னும்... முடிவாகல. ...இல்லண்ணே, லைன் சரியாத்தான் இருக்கு. ...சாயங்காலமா? லாரியோடவா? ...நான் திரும்பக் கூப்பிடறேன்.

கணவர்: என்னவாம்?

மனைவி: கன்னு ஜமீனோடதான்னு கேக்கறார். இல்லைன்னா சாயங்காலம் இந்தப் பக்கம் வரும்போது காளையை ஏத்திக்கறேங்கறார். போன வருஷமே சொல்லி வெச்சிருந்தோம்ல.

கணவர்: சொல்லி வெச்சிருந்தோம் இல்ல. சொல்லி வெச்சிருந்தே. ‘ரெண்டு வருஷமாக் கன்னு இல்ல, தீனி மட்டும் மலை மலையாத் திங்குது, இந்தத் தடவையும் ஒண்ணும் ஆகலைன்னா ஏத்தி விட்டுடலாம்’னு சாப்பிடும்போது கரண்டியைத் தட்டிச் சொன்னே.

மனைவி: சொன்னேன். இப்போ யாரு இல்லைன்னா?

டாக்டர்: ஆக, நான் என்ன பேர் போடறேனோ அதுலதான் ஜமீன் உசிரு இருக்கு.

கணவர்: அதான் ஜமீன்னு சொல்லிட்டோமே. போட்டுடுங்க டாக்டர், புண்ணியமாப் போகும்.

டாக்டர்: போட்டுடலாம். பாக்கறவன் சிரிப்பான். செவலைக்கும் செவலைக்கும் கருப்பு பொறக்காது.

மனைவி: ஏன் பொறக்காது? எங்கண்ணன் பண்ணையில கருப்புக்கும் கருப்புக்கும் செவலை பொறந்துச்சே. அது ஆகும்னா இது ஏன் ஆகாது?

கணவர்: அப்படிக் கேளு.

டாக்டர்: அது வேற கணக்கும்மா. ஒவ்வொரு கன்னுக்கும் அப்பன் ஒரு சீட்டு கொடுப்பான், ஆத்தா ஒரு சீட்டு கொடுப்பா...

கணவர்: சீட்டு சமாசாரமெல்லாம் எங்க வீட்ல ஆகாது டாக்டர்.

டாக்டர்: கேளுங்க சார். கருப்புச் சீட்டு ஒண்ணே ஒண்ணு வந்தாலும் கன்னு கருப்பு. அது வாயாடி. கூடவே செவலைச் சீட்டு இருந்தாலும் அதைப் பேச விடாது.

கணவர்: எங்க வீடு மாதிரி.

மனைவி: இதுல யாரு கருப்புச் சீட்டு?

கணவர்: ...நான்தான், நான்தான். நீங்க மேல சொல்லுங்க டாக்டர்.

டாக்டர்: கருப்பு மாட்டுக்குள்ள ஒரு செவலைச் சீட்டு ஒளிஞ்சிருக்கலாம். வெளியில தெரியாது. ரெண்டு கருப்பு மாடும் ஒளிச்சு வெச்சதை ஒரே சமயத்துல நீட்டினா, செவலைக் கன்னு பொறக்கும். உங்கண்ணன் பண்ணையில நடந்தது அதுதான். ஆனா செவலை மாட்டுக்கு ரெண்டுமே செவலைச் சீட்டு. கருப்பை எங்கேருந்து கொடுக்கும்? சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும்.

கணவர்: வெயில்ல கருத்திருந்தா?

டாக்டர்: வயித்துக்குள்ளயா?

மனைவி: மிளகாவுக்குச் சத்து மருந்து கொடுத்தோம் டாக்டர். பாட்டில்ல இரும்புச் சத்துன்னு போட்டிருந்துச்சு. அந்த இரும்பு ஏறி...

டாக்டர்: இரும்பு ஏறினா கருப்பா வராதும்மா, துருவாத்தான் வரும். நீங்களாவது நியாயமாப் பேசுவீங்கன்னு பாத்தேன். காளையை விக்கணும்னு சொன்னவங்களே நீங்கதானே? இப்போ அதுக்கு வக்கீலா நிக்கறீங்க.

மனைவி: ...சும்மா ஒரு சந்தேகம் கேட்டேன்.

டாக்டர்: சில கருப்புக் கன்னு பொறக்கும்போது செம்பட்டையா இருக்கும், போகப் போகக் கருக்கும். கருப்பாப் பொறந்து செவந்ததை நான் இன்னும் பாக்கல. அந்த டிரையரை அணைங்க, பாவம், கன்னுக்கு மூச்சு முட்டுது.

மனைவி: ஒரே ஒரு நிமிஷம். கழுத்து மடிப்புல கொஞ்சம் பாக்கி.

டாக்டர்: இந்தச் சுத்துவட்டாரத்துல கருப்புல குட்டைக் காளை ஒண்ணுதான் இருக்கு. வேலிக்கு அந்தப் பக்கம்.

கணவர்: அந்தத் தார் டின்னா?

மனைவி: அதுக்கு மேனேஜர்னு ஒரு பேர் இருக்கு. மாட்டுக் கண்காட்சியில அத்தனை பேர் முன்னாடி எங்கண்ணன் காளையைத் தார் டின்னுன்னு சொல்லித்தானே ரெண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தையே நின்னுபோச்சு.

கணவர்: நாலு கால் வெச்ச தார் டின்னுன்னு சொன்னேன். கண்ணால பாத்ததைச் சொன்னேன்.

டாக்டர்: அதுக்குத்தான் அன்னிக்கு முதல் பரிசு கொடுத்தாங்க.

கணவர்: கொடுத்தவருக்குக் கண்ணாடி மாத்தணும். ...சரி, புரிஞ்சுபோச்சு. அது வேலி தாண்டி வந்திருக்கு. மிளகாவைப் பாரு, ஒண்ணும் தெரியாத பாப்பா மாதிரி நிக்கறா.

மனைவி: வேலி உங்க நெஞ்சு உயரம். அந்தக் காளை உங்க இடுப்பு உயரம். ஸ்டூல் போட்டு ஏறிச்சா?

கணவர்: எப்படி ஏறிச்சுன்னு உங்கண்ணன்கிட்டயே கேக்கறேன். இப்பவே போறேன்.

மனைவி: வேண்டாம்.

கணவர்: ஏன் வேண்டாம்?

மனைவி: ...சட்டையெல்லாம் அழுக்கா இருக்கு.

டாக்டர்: அழுக்கு என்னம்மா செய்யும்? வாங்க சார், நானும் அந்த வழியாத்தான் போறேன். ரெண்டு பேரும் சேர்ந்தே கேப்போம்.

கணவர்: ...இல்ல. சட்டை ரொம்பத்தான் அழுக்கா இருக்கு.

டாக்டர்: எங்கப்பன் குதிருக்குள்ள இல்லைங்கற கதையா இருக்கே. சார், சாயங்காலம் லாரி வருது. சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தா இப்பவே சொல்லிடுங்க. என்னாலயும் எத்தனை நாள் வாயைக் கட்டிக்கிட்டு இருக்க முடியும்?

மனைவி: நீங்க ஏன் வாயைக் கட்டணும் டாக்டர்?

கணவர்: ...நான் சொல்றேன். வேலிக் கேட்டைத் திறந்தது நான்தான்.

மனைவி: நீங்களா?

கணவர்: ஜமீனுக்கு வயசாயிடுச்சு, இனிமே அவனால ஆகாதுன்னு டாக்டர் போன வருஷமே சொல்லிட்டாங்க. உன்கிட்ட சொல்லிடாதீங்கன்னு கால்ல விழாத குறையாக் கேட்டுக்கிட்டேன்.

மனைவி: ஏன் சொல்லக் கூடாது?

கணவர்: சொன்னா நீ லாரியைக் கூப்பிடுவே. என் செருப்புச் சத்தம் கேட்டா அது ஓடி வரும். பாக்கெட்ல பிஸ்கட் இருக்கான்னு மோந்து பாக்கும். அதை என் கையால எப்படி ஏத்தி விடுவேன்?

டாக்டர்: அப்புறம்தானே எனக்கு ஒரு போன் வந்துச்சு. ‘என் நண்பர் ஒருத்தர் கேக்கறார்’னு...

கணவர்: டாக்டர்.

டாக்டர்: கேட்டீங்களா, இல்லையா? ‘கருப்புக் காளை, அதோட ஆத்தா செவலை. செவலைப் பசுவோட சேத்தா கன்னு என்ன நெறத்துல பொறக்கும்?’ ஆத்தா செவலைன்னா காளைக்குள்ள ஒரு செவலைச் சீட்டு இருக்கும், அதனால பாதிக்குப் பாதின்னு சொன்னேன். பூவா தலையா போடற மாதிரின்னு சொன்னேன்.

கணவர்: செவலையாப் பொறந்துட்டா ஜமீனோடதுன்னு சொல்லிச் சமாளிச்சுடலாம்னு நினைச்சேன்.

மனைவி: ஆக, தார் டின்னுகிட்டப் போய்க் கையேந்தினீங்க.

கணவர்: கையேந்தல. உங்கண்ணன் வெளியில போன நேரமாப் பாத்துக் கேட்டைத் திறந்தேன். மிளகா பருவத்துக்கு வந்திருந்தா. கொண்டுபோய் நிறுத்தினேன்.

மனைவி: மேனேஜர் வந்துச்சா?

கணவர்: எங்கே வந்துச்சு? அசை போட்டுக்கிட்டு என்னையே பாத்துச்சு. கண்காட்சியில சொன்னதெல்லாம் மனசுல வெச்சிருக்கிற மாதிரி ஒரு பார்வை. தவிட்டைக் காட்டினேன். ‘வாப்பா மாப்ள’ன்னு கூப்பிட்டேன். கடைசியில... யார்கிட்டயும் சொல்லாதீங்க... கையெடுத்துக் கும்பிட்டேன். அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிச்சு.

டாக்டர்: அப்புறம்?

கணவர்: அப்புறம் என்ன, கேட்டைச் சாத்திட்டு வந்துட்டேன்.

டாக்டர்: அப்போ இந்தக் கன்னு?

கணவர்: அதான் எனக்கும் புரியல. செனைன்னு நீங்க சொன்னப்போ, ஜமீனுக்குத்தான் ரோஷம் வந்துடுச்சுன்னு நினைச்சேன். இன்னிக்குக் காலை வரைக்கும் அப்படித்தான் நம்பிக்கிட்டிருந்தேன்.

டாக்டர்: கிழட்டுக் காளைக்கு ரோஷம் வேணா வரலாம். கருப்புச் சீட்டு வராது.

மனைவி: ...டீ ஆறுது டாக்டர்.

டாக்டர்: ஆறட்டும்மா. அதே வாரம் எனக்கு இன்னொரு போனும் வந்துச்சு. ‘என் தோழி ஒருத்தி கேக்கறா’ன்னு.

கணவர்: எந்தத் தோழி?

டாக்டர்: அதே கருப்புக் காளை. அதே செவலைப் பசு. ஊரே மாட்டு நெறத்தைப் படிக்க ஆரம்பிச்சுடுச்சுன்னு நினைச்சேன்.

கணவர்: நீயா?

மனைவி: மிளகா பருவத்துக்கு வந்தப்போ நீங்க தீனி வாங்கப் போனீங்களே, அன்னிக்கு. மிளகாவைக் கயித்துல புடிச்சுக்கிட்டு நேரா அண்ணன் வாசலுக்கே போயிட்டேன். நீங்க கேட்டைத் திறந்தீங்க. நான் வாயைத் திறந்து கேட்டேன்.

கணவர்: நீதானே ஏத்தி விடணும்னு குதிச்சே?

மனைவி: தீனி விலையைப் பாத்த கோவத்துல சொன்னேன். சொன்னதைத் திருப்பி வாங்க வாய் வரல. அன்னிக்கு சாயங்காலம் பாத்தா, நீங்க ஜமீன் கழுத்தைக் கட்டிக்கிட்டு அழுதுக்கிட்டிருக்கீங்க.

கணவர்: கண்ணுல தூசி விழுந்துச்சு.

மனைவி: ரெண்டு கண்ணுலயுமா? ...எனக்கும் அவன்னா உசிருதாங்க. அந்தப் பிஸ்கட் டப்பா எப்படித் தீராம இருக்குன்னு என்னிக்காவது யோசிச்சிருக்கீங்களா?

டாக்டர்: ரெண்டு பேரும் ஒரே சீட்டை ஒளிச்சு வெச்சிருந்தீங்க. இப்போதான் நீட்டறீங்க.

மனைவி: இருங்க, தரகர் மறுபடியும். ...அண்ணே, லாரி வேண்டாம். ...இல்ல, கன்னு அவனோடது இல்லதான். அப்படியும் விக்கறதுக்கில்ல. ...தண்டத் தீனிதான். இந்த வீட்ல தண்டத் தீனி திங்க இன்னொரு ஆளும் இருக்கார், அவரை வித்துட்டமா என்ன? ...வெச்சுடறேன்.

கணவர்: ...ஏம்மா...

மனைவி: மொதல்ல மூக்கைத் தொடைங்க. அந்தத் துண்டு வேண்டாம், அது கன்னைத் தொடைச்சது.

டாக்டர்: அப்போ அப்பா பேர் மேனேஜர்னு போட்டுடறேன்.

கணவர்: போடுங்க, போடுங்க. ஜமீன் இங்கேயே இருக்கான்ல, அது போதும். ...ஆமா, உங்கண்ணன் இத்தனை மாசமா ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடலையே. ஒண்ணும் கேக்காமலா சரின்னு சொன்னான்?

மனைவி: கேட்டான்.

கணவர்: என்ன கேட்டான்?

மனைவி: செவலையாப் பொறந்தா காலத்துக்கும் வாயைத் திறக்க மாட்டேன்னான்.

கணவர்: கருப்பாப் பொறந்தா?

மனைவி: ...நீங்க அவன் வீட்டுக்குப் போய், மேனேஜர் முன்னாடி நின்னு, ‘இது தார் டின்னு இல்ல, காளை’ன்னு ஊருக்கே கேக்கற மாதிரி சொல்லணுமாம்.

கணவர்: நீ அதுக்கு ஒத்துக்கிட்டியா?

மனைவி: பின்னே? இவ்வளவு நேரமா எதுக்கு டிரையரைக் கையை விட்டு இறக்காம நிக்கறேன்னு நினைச்சீங்க? காஞ்சா செவந்துடும்னு உங்களைவிட நான்தாங்க நம்பிக்கிட்டிருந்தேன்.