பாஸ்வேர்டில் இருந்த குலசாமி

இதை எழுதினால் சாமிக் குற்றமாகுமோ என்று பல வருடம் தயங்கினேன். எங்கள் குலசாமியைக் கும்பிட்டுவிட்டு இன்று எழுதுகிறேன்.

கோவில்பட்டியிலிருந்து பசுவந்தனை போகும் பஸ். முன் சீட்டில் ஒரு பெண். தீப்பெட்டி கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவள் என்று பேச்சில் தெரிந்தது. பக்கத்து வரிசையில் அதே கம்பெனிக் கணக்கர்.

“நாளைக்குக் குலசாமிய வெளியேத்திருவேன் அண்ணாச்சி” என்றாள். நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

“மெதுவாப் பேசும்மா. சாமி பேரு முதலாளி வச்ச பாஸ்வேர்டு. மாத்துனா உன்னைய வெளியேத்திருவாவ.”

“ஆபீஸ்ல எல்லாரும் அந்தப் பேரத்தான போடுதீங்க? இதுவரைக்கும் கணக்கு, சரக்கு, சம்பளம் எல்லாம் தனித்தனியா பாஸ்வேர்டு கேட்டுச்சு. நாளையில இருந்து முன்னால ஒரு சர்வர் வாசக்காவல் மாதிரி நிக்கும். அங்கன ஒருதடவ சொல்லிட்டா உள்ள எதுவும் கேக்காது. முதலாளி பேரப் போட்டு சாமி பேரச் சொன்னா, எவன் வந்தாலும் முதலாளிதான்.”

“சாமி பாத்துக்கிடும்.”

“சாமிக்கு ஆளத் தெரியும். சர்வருக்குத் தெரியாது. ஆளுக்கொரு பாஸ்வேர்டு வைக்காம நாளைக்கு அந்த சர்வரத் திறக்க மாட்டேன். வேலை போனாலும் சரி.”

“முதலாளிகிட்ட என்னன்னு சொல்லுவ?”

“பாஸ்வேர்டுன்னா ஒருத்தருக்கும் தெரியக் கூடாது. நம்ம சாமி பேரு ஊருக்கே தெரியணும்லா? அதப் போயி ஒளிச்சு வைக்கலாமான்னு கேப்பேன்.”

இறங்கும்போது கணக்கர் சொன்னார்: “நாளைக்கு முதலாளி ரூமுக்கு நானும் வாரேன். மொத ஆளா என் பாஸ்வேர்ட மாத்து.”

கேட்டது இவ்வளவுதான். பிறருக்குச் சொல்கிறவர்கள், சாமிக்குப் பயந்து, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள்.