வளைகாப்புக்குப் பின் வந்த கடிதம்

ரப்பர் விலை விழுந்த வருஷம். ஜொகூர் பாருவிலிருந்து கூலாய் போகும் ரயிலில் எனக்கு எதிரே இரண்டு தோட்டத்துப் பெண்கள். இளையவளின் முழங்கை வரை கண்ணாடி வளையல்கள்.

"மூணு பல்லு இருந்துச்சு அண்ணி, கொத்தா முடியும். டாக்டர் காட்டினாரு" என்றாள் அவள்.

நான் பத்திரிகையை விரித்தபடியே இருந்தேன். ஒரு வரியும் படிக்கவில்லை.

"ஐயோ! அதுக்கா நாங்க வளைகாப்பு போட்டோம்?"

"அதுக்குத்தான். முட்டைப்பையில வளர்ந்த கட்டிய எங்க லயத்து வீடுங்க அத்தனையும் புள்ளைன்னு நம்புச்சு."

"செய்வினையா இருக்குமோ?"

"இல்லையாம். இந்த மாதிரிக் கட்டியில பல்லு, முடியெல்லாம் முளைக்குமாம். ஆனா புத்துநோயா இருக்குமோன்னு, அறுத்தெடுத்ததுல ஒரு துண்டை சிங்கப்பூருக்கு அனுப்பிட்டாங்க. பதில் வர்ற வரைக்கும் எனக்குச் சோறு எறங்கல."

"என்னதான் எழுதியிருந்தாங்க?"

"பூதக்கண்ணாடியில வச்சுப் பார்த்தாங்களாம். புத்து இல்லன்னு இன்னிக்குத்தான் கடிதாசி வந்துச்சு."

அண்ணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மாரியாத்தா காப்பாத்திட்டா. இனி அந்த வளையலக் கழட்டிடு."

"ஆஸ்பத்திரியில கழட்டிட்டாங்க. இன்னிக்கு நாந்தான் திரும்பப் போட்டுக்கிட்டேன். இன்னொரு பக்கத்து முட்டைப்பை நல்லா இருக்காம். புள்ள பொறக்குற வரைக்கும் கழட்டக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"