மாமா கேட்ட முதல் பாதி

செஞ்சியிலிருந்து சிங்கவரம் போகும் பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். பக்கத்து சீட்டில் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை செய்யும் ஒரு பெண்ணும், பஜாரில் மூலிகைக் கஷாயம் விற்கும் அவள் மாமாவும் இருந்தார்கள்.

“உன் கஷாயத்துல போடற இலை வைரஸைக் கொல்லுது மாமா. கூடவே மனுஷ செல்லையும் கொல்லுது.”

“ரிப்போர்ட்டுல முதல் பாதிய மட்டும் எழுதும்மா. கடை போர்டுல போட்டுக்கறேன்.”

“ரெண்டையும்தான் எழுதுவேன். நீ மொதல்ல கஷாயத்த நிறுத்து.”

“இன்னாடி, படிக்க வச்ச மாமனுக்கே வேட்டு வைக்கிறியா? இனிமே ஒரு இலைகூட தரமாட்டேன்.”

“வேலியில மொளைக்கிறது உன்னக் கேட்டா மொளைக்குது? அதுல எது காக்குது, எது கொல்லுதுன்னு பிரிக்காம விடமாட்டேன்.”

சிங்கவரத்தில் இருவரும் இறங்கினார்கள். மாமா திட்டிக்கொண்டே நடந்தார். பஸ் நகர்வதற்குள் அவள் வேலியோரம் குனிந்து இலை பறிக்கத் தொடங்கியிருந்தாள்.