துடைக்காதீர்கள், அழுத்துங்கள்

அவைக்கு அணியாய் அமர்ந்திருக்கும் தலைவர் அவர்களே! ஆண்டுகள் பல கண்டும் ஆர்வம் குன்றாத பெரியோர்களே! பிள்ளையின் முழங்காலில் சிராய்ப்பு என்றால் தம் நெஞ்சில் காயம்படும் தாய்மார்களே! நாளை முதல் என்னோடு ஆம்புலன்ஸில் ஏறப்போகும் தம்பிகளே, தங்கைகளே! வணக்கம்.

குருதி என்பது என்ன? உடலுக்குள் ஓசையின்றி ஓடும் ஆறு. கரைக்குள் ஓடும்வரை உயிர். கரை உடைந்தால் யார் அடைப்பது? மருத்துவமனையா? அது தூரத்தில் இருக்கிறது. மருந்தா? அது அலமாரியில் இருக்கிறது. அருகில் இருப்பது ஒரு கை. வெறும் கை!

ஒரு பிற்பகல். முகம் பார்க்கும் கண்ணாடி விற்கும் கடை. சுவரெல்லாம் கண்ணாடி, கண்ணாடியெல்லாம் வெயில். ஆம்புலன்ஸ் அழைப்பு வந்து உள்ளே நுழைந்த எனக்கு, நடப்பது தரையிலா கனவிலா என்று தெரியவில்லை. அந்தக் கனவின் நடுவே கடைக்காரர் சாய்ந்து கிடந்தார். தூக்கிய கண்ணாடி நழுவி முன்கையைக் கிழித்திருந்தது. அருகே அவர் மனைவி, கையில் துண்டு. என்ன செய்தார் தெரியுமா? துடைத்தார், பார்த்தார். மறுபடி துடைத்தார், பார்த்தார்.

குறை சொல்வேனா? மாட்டேன். கறை கண்டால் துடைத்துப் பழகிய கை அது. ஆனால் குருதி உறைந்து உறைந்து ஒரு கதவைச் சாத்தப் பார்க்கிறது. ஒவ்வொரு துடைப்பும் அதைத் திறந்துவிடுகிறது.

கடைக்காரரோ சுற்றிலும் தெரிந்த தம் முகங்களையே பார்த்து, "ஏன் எல்லாரும் இப்படி வெளுத்துப் போயிருக்காங்க? எனக்குத் தூக்கமா வருது," என்றார். அது தூக்கம் அல்ல, தோழர்களே. ஆறு வற்றுகிற அடையாளம்!

காயத்துக்குள் சில்லு இல்லை என்று பார்த்தேன். "துடைக்காதீங்கம்மா. துண்டை மடிச்சு வச்சு அழுத்துங்க," என்றேன். அழுத்தினார். அவர் கைமேல் என் கையும் அழுந்தியது. துண்டு நனைந்தது. எடுக்கவில்லை, அதன்மேலேயே இன்னொன்று வைத்தோம்.

என்னம்மா கேட்கிறீர்கள், தண்ணீர் கொடுக்கலாமா என்றா? வேண்டாம் தாயே. கடைக்காரரும் கேட்டார், கொடுக்கவில்லை. அறுவைக்குப் போகிறவர் வயிறு வெறுமையாக இருக்கட்டும். போர்வை போர்த்துங்கள், அது போதும். உடல் குளிர்ந்தால் குருதி எளிதில் உறையாது.

அந்த அம்மாவுக்கு மனம் கேட்கவில்லை. "நின்னிருக்குமா? ஒரே ஒரு தடவை பாத்துக்கறேனே?"

"பாக்காதீங்கம்மா. அவர்கிட்டப் பேசிக்கிட்டே இருங்க."

கண்ணை இறுக மூடிக்கொண்டு, வீட்டுக்கு வராத தண்ணீர் லாரியைத் திட்டினார், கடன்கேட்டு வரும் மச்சானைத் திட்டினார், கணவரின் குறட்டையைத் திட்டினார். கை மட்டும் அசையவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். எத்தனை கண்ணாடி, அத்தனை கணவர்கள்! அத்தனை பேரையும் அத்தனை மனைவிகள் அழுத்திப் பிடித்திருந்தார்கள். அறுவை அறையின் வாசலில் மருத்துவர் வாங்கிக்கொள்ளும்வரை அந்தப் பிடி தளரவில்லை.

சென்ற வாரம் அந்தப் பக்கம் போனேன். கடைக்காரர் அதே கையால் கண்ணாடி அறுத்துக்கொண்டிருந்தார், அந்த அம்மா துடைத்துக்கொண்டிருந்தார். பளபளக்கும் கடையில் ஒரே ஒரு கண்ணாடியின் ஓரத்தில் மட்டும் குருதி காய்ந்த விரல்தடம். இதைத் துடைக்காமல் விட்டுவிட்டீர்களே அம்மா என்றேன்.

"அது இருக்கட்டுங்க," என்றார். "கை பரபரக்கும்போதெல்லாம் அதைப் பாத்துக்குவேன்."

உங்கள் கையும் ஒருநாள் பரபரக்கும். அன்று அந்தத் தடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கனவிலிருந்து ஒருவரைக் கைப்பிடித்து அழைத்துவரப் போகும் உங்கள் கைகளை வணங்கி, பொறுமையாய்க் கேட்ட அனைவருக்கும் நன்றி கூறி அமர்கிறேன். வணக்கம்!