பொன்செல்வியின் தட்டு

முப்பது பேருக்குச் சோறு பொங்குதது ஒண்ணும் பெரிய வித்தை கிடையாது மேடம். உலை கொதிக்கையில அரிசியைப் போட்டா அது பாட்டுக்கு வேகும். பரிமாறுததுதான் கஷ்டம். யாருக்கு நல்ல பசி, யாரு கூச்சப்பட்டு மறுசோறு கேக்காம இருக்கா, எந்தப் பிள்ளைக்கு உறைப்பு ஆகாதுன்னு மூஞ்சியப் பார்த்தே தெரிஞ்சுக்கிடணும். எனக்கு அது நல்லா வரும். அதனாலதான் சபையில பந்தி விசாரணையை, சோறு பரிமாறுத பொறுப்பை, எங்கிட்ட கொடுத்தாக.

நீங்க எழுதிக்கிடுங்க, நான் பைய சொல்லுதேன். பேரு தங்கக்கனி. திருவேங்கடம் ரோட்டுல பழைய பருத்தி குடோன் இருக்குல்லா, அதுதான் எங்க வீடு. வீடுன்னும் சொல்லலாம், சபைன்னும் சொல்லலாம். பஜார்ல பாத்திரக்கடை ஏசுவடியான் அண்ணாச்சின்னா எல்லாருக்கும் தெரியும். அவுகளுக்குத்தான் என்னைக் கட்டிக் கொடுத்தாக. ஆனா அங்கன அவுகளை நான் புருஷன்னு சொல்ல மாட்டேன், சபைக்குத் தலைவருங்கிறதால மூப்பர்னுதான் சொல்லுவேன்.

ஆதிச்சபை எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கணும்னு மூப்பருக்கு ரொம்ப நாளா ஒரு ஏக்கம். அப்போஸ்தலர் காலத்துல விசுவாசிக எல்லாத்தையும் வித்து ஒண்ணாப் போட்டு, ஒரே பந்தியில உக்காந்து அப்பம் பிட்டுச் சாப்பிட்டாக. நாம பட்டுச்சேலையைக் காட்டுததுக்கு வேதக்கோயிலுக்குப் போயிட்டு வாரோம்னு வருத்தப்படுவாக. கடைசியில ஒரு நாள் துணிஞ்சு குடோனை வாங்கி, தடுப்புச் சுவர் வச்சு ரூம் ரூமாப் பிரிச்சு, மனசுள்ள குடும்பங்களை வரச் சொல்லிட்டாக. எல்லாம் நல்ல குடும்பங்க.

அங்கன 'என்னுது'ங்கிற பேச்சே கிடையாது மேடம். சேலை எல்லாம் ஒரே பீரோவுல கிடக்கும். கையில அகப்பட்டதைக் கட்டிக்கிட வேண்டியதுதான். பெனிட்டான்னு ஒரு பிள்ளை, புதுசாக் கல்யாணம் ஆகி வந்தவ. அவ முகூர்த்தச் சேலையைக் கட்டிக்கிட்டு நான் கத்திரிக்காய் வாங்க மார்க்கெட்டுக்குப் போயிருக்கேன். அவ மூஞ்சி போன போக்கைப் பார்க்கணுமே. ஆனா வாயத் திறக்கல. பந்தியிலயும் அப்படித்தான். முன்னால வச்சதை வேண்டாம்னு சொல்லக் கூடாது, கர்த்தர் கொடுத்ததை ஒதுக்கக் கூடாதுன்னு ஒரு ஒழுங்கு இருந்துச்சு.

மகாராஜன்னு ஒரு தம்பி விசைத்தறியில வேலை பார்த்தாரு. குடின்னா அப்படி ஒரு குடி. மூப்பர் ஜெபம் பண்ணி, கூடவே உக்காந்து, அதை விட வச்சாக. அந்த நன்றியில குடும்பத்தோட வந்து சேர்ந்தாரு. பொஞ்சாதி பொன்செல்விக்குச் சொந்த ஊர் ராயகிரி. அவ நம்ம வேதக்காரி கிடையாது. "அவரு குடியை விட்டுட்டாருல்லா அக்கா, அதுக்காக எங்கன கூப்பிட்டாலும் வருவேன்"ன்னா. இடுப்புல பிள்ளை ப்ரியதர்ஷினி. அப்போ அதுக்கு ரெண்டு வயசு முடியல. என்னைப் பார்த்ததும் கையை நீட்டிட்டு. யாரைப் பார்த்தாலும் நீட்டுற பிள்ளைதான், இல்லைங்கல.

எங்களுக்குப் பிள்ளை கிடையாது. நான் அதை ஒரு குறையாவே நினைச்சது இல்ல. கொஞ்ச வருஷம் அழுதேன், அப்புறம் விட்டுட்டேன்.

சோறு பொது, துணி பொது, வீடு பொது, பிள்ளை மட்டும் தனித்தனியான்னு கூட்டத்துல கேட்டது நான்தான். மூப்பர் நியாயம்தானேன்னாக. அதுக்கப்புறம் பிள்ளைக எல்லாம் ஒரே ஹால்ல படுத்துச்சு. எல்லாப் பொம்பளைகளையும் அம்மான்னு கூப்பிட்டுச்சு. சோறு ஊட்டுதது பந்தியோட சேர்ந்ததுங்கிறதால அது எங்கிட்ட வந்துட்டு. ப்ரியா சோத்தை அள்ளித் திங்க மாட்டா. குழையப் பிசைஞ்சு, சின்னச் சின்ன உருண்டையா உருட்டி, வாயில வச்சாத்தான் இறங்கும். பொன்செல்விக்கு அந்தப் பொறுமை கிடையாது. நான் பார்த்திருக்கேன்.

ஒரு நாள் சாயங்காலம் பிள்ளைக முற்றத்துல விளையாடிட்டு இருந்துச்சு. ப்ரியா கால்ல கருவேலமுள் ஏறிட்டு. அம்மான்னு கத்துனா. அங்கன கீரை ஆய்ஞ்சுக்கிட்டு இருந்த பொம்பளைக அத்தனை பேரும் எந்திரிச்சோம். நான்தான் பக்கத்துல இருந்தேன், கையையும் நீட்டுனேன். பிள்ளை என்னைத் தாண்டி நொண்டிக்கிட்டே ஓடிப் போயி பொன்செல்வி கழுத்தைக் கட்டிக்கிட்டு. எனக்கு எரிச்சல் எல்லாம் இல்ல மேடம். சபையோட ஒழுங்கு கெட்டுப் போகுதேன்னு ஒரு வருத்தம், அவ்வளவுதான். அன்னைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கல.

அதுக்கப்புறம் கண்ணுல வெளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுக் கவனிச்சேன். பொன்செல்வி தண்ணித் தொட்டிக்குப் பின்னால பிள்ளையை மடியில போட்டுப் பேன் பார்ப்பா. முந்தியில முடிஞ்சு வச்ச எள்ளுருண்டையக் கொடுப்பா. காதுக்குள்ள என்னமோ சொல்லுவா, அது சிரிக்கும். இப்படித் திருட்டுத்தனமா வளர்ந்தா அந்தப் பிள்ளை நாளைக்கு எப்படி ஆகும், நீங்களே சொல்லுங்க.

ஆடித்தபசுத் திருவிழா நேரம். ஊரே கூட்டம், பஸ்ஸெல்லாம் சுத்திப் போகுது. தபசு பார்க்க அவ அம்மை ராயகிரியில இருந்து வாராளாம், பிள்ளையக் கூட்டிட்டுப் போயிக் காட்டணும், அப்படியே ஊருக்குப் போயிக் கொஞ்ச நாள் இருக்கணும்னு மகாராஜன் தம்பிகிட்ட கேட்டிருக்கா. நான் அடுப்படியில இருந்து கேட்டேன். சனிக்கிழமை கூட்டத்துல ஒருத்தருக்கொருத்தர் குற்றத்தை அறிக்கை பண்ணுவோம். அதுல நான் எந்திரிச்சு, ஒரு சகோதரி பொதுவுல இருந்து ஒண்ணை ஒளிச்சு வைக்கான்னு சொன்னேன். பேரைச் சொல்லல. அவளே எந்திரிச்சுட்டா.

"ஆமா, என் பிள்ளைதான். நான் பெத்தேன். சேலையக் கொடுத்தேன், கம்மலைக் கொடுத்தேன், கேட்டேனா? இவளைக் கொடுக்க மாட்டேன். நாளைக்குக் காலையில நான் போறேன்"ன்னா.

அப்படி ஒரு சத்தத்தை அந்த வீடு கேட்டதே இல்ல. மகாராஜன் தம்பி தலையக் குனிஞ்சுக்கிட்டாரு. மூப்பர் அழுதாக. ஒழுங்கை மீறினவங்களோட உக்காந்து சாப்பிடக் கூடாதுன்னு ஆதிச்சபையில ஒரு முறை இருந்துச்சு, மனம் திரும்புத வரைக்கும். அதைத்தான் செஞ்சாக. அவளைப் பின்னால, முந்தி பருத்திவிதை மூட்டை போட்டு வச்சிருந்த ரூம்ல இருக்கச் சொன்னாக. யாரும் பேசக் கூடாது, பார்க்கக் கூடாது. சாப்பாடு கொண்டுபோறதுக்கு மட்டும் ஒரு ஆள். பந்தி விசாரணை யாரு கையில இருக்கோ அந்த ஆள்.

பூட்டி வச்சோம்னு வெளிய பேசுதாகளாம். பூட்டெல்லாம் போடல மேடம். குடோன் கதவு, தாழ்ப்பாள் வெளிப்பக்கம்தான் இருக்கும். காத்துல கதவு அடிச்சுக்கிடக் கூடாதுன்னு அதைப் போட்டிருந்தேன்.

முதல்ல நல்லாத்தான் இருந்தா. வாய் ஓயாம மகாராஜனை வரச் சொல்லுங்கன்னு கேட்டா. அவரு உன்னைப் பார்க்க விரும்பலைன்னு சொன்னேன். பிள்ளை தேடுதாளான்னு கேட்டா. இல்லைம்மா, நல்லா விளையாடுதான்னேன். ரெண்டுமே பொய்தான். ரெண்டையும் எழுதிக்கிடுங்க. அவ மனசு சீக்கிரம் இளகட்டும்னு சொன்ன பொய்.

அப்புறம் காய்ச்சல் வந்துட்டு. டெங்கு பரவுதுன்னு முனிசிபாலிட்டிக்காரக அந்த வாரம்தான் புகை அடிச்சிட்டுப் போயிருந்தாக. உடம்பு அனலாக் கொதிச்சுது. ஈரத்துணி போட்டேன், கஞ்சி கொடுத்தேன், வாந்தி எடுத்துட்டா. வியாதிப்பட்டவங்களுக்கு மூப்பர் வந்து எண்ணெய் பூசி ஜெபிக்கணும். மூப்பரைக் கூப்பிட்டா அவுக இரக்கப்பட்டு வெளிய விட்டுருவாக. அதனால நானே பூசினேன்.

தட்டு விஷயத்துக்கு வாரேன். அதைத்தானே திரும்பத் திரும்பக் கேட்டீங்க. மகாராஜன் தம்பி ஒவ்வொரு வேளையும் அடுப்படி வாசல்ல வந்து நிப்பாரு. "அக்கா, அவ சாப்பிட்டாளா?" வேற ஒண்ணும் கேக்க அவருக்கு அனுமதி இல்ல. அவளுக்குத்தான் ஒண்ணும் இறங்கலையே, சோறு அப்படியே திரும்பி வந்தா அந்த மனுஷன் என்ன பாடுபடுவாரு. சோத்தை வெளிய கொட்டவும் எனக்கு மனசு வரல, பொதுச் சோறுல்லா. அதனால நானே அந்த ரூம்ல உக்காந்து சாப்பிட்டுட்டு, தட்டைக் கொண்டுவந்து காட்டுவேன். "பாருங்க தம்பி, வழிச்சுச் சாப்பிட்டிருக்கா." அவரு முகம் தெளிஞ்சிரும். ஒரு நாள் அந்தத் தட்டை வாங்கி அவரே கழுவி வச்சாரு.

கடைசியில அவ ரொம்ப இறங்கி வந்துட்டா. "அக்கா, பிள்ளைய நீங்களே வச்சுக்கிடுங்க. நான் ஒண்ணும் கேக்கல. ஒரு ஆட்டோ மட்டும் பிடிச்சு ஆஸ்பத்திரியில விட்டுருங்க"ன்னா. பல்லு கிட்டி, சொல்லு குழறுது. நான் யோசிச்சுத்தான் பார்த்தேன். காய்ச்சல்ல சொன்ன சொல்லை எப்படி நம்புதது? உடம்பு தேறினா மறுபடியும் பேச்சு மாறும். வெளிய வந்தா பிள்ளை பார்க்கும், பார்த்தா ஓடும். அது இப்பதான் தேடுததை விட்டுட்டு எங்கையால ஒழுங்காச் சாப்பிட ஆரம்பிச்சிருந்துச்சு. பிள்ளைய மறுபடியும் அலைக்கழிக்க எனக்கு மனசு கேக்கல. தூங்கும்மா, காலையில பார்ப்போம்னு சொல்லிட்டு வந்தேன்.

மறுநாள் மதியம் கருவாட்டுக் குழம்பு. தூத்துக்குடியில இருந்து ஒரு சகோதரர் நெத்திலிக் கருவாடு கொடுத்துவிட்டிருந்தாரு. கத்திரிக்காய் போட்டு வச்சேன், வாசனை தெருமுனை வரைக்கும் போச்சு. வழக்கம்போலத் தட்டைக் கொண்டுபோனேன், வழக்கம்போலக் கொண்டுவந்து காட்டுனேன். மகாராஜன் தம்பி தட்டை வாங்கிப் பார்த்தாரு. ஓரத்துல கிடந்த நெத்திலி முள்ளை விரலால தள்ளிப் பார்த்தாரு.

"இது யாரு தின்னது?"

"பொன்செல்விதான் தம்பி."

"அவ கருவாடு தொடமாட்டா அக்கா. வாடை பட்டாலே வாந்தி எடுப்பா. பந்தியில வேண்டாம்னு சொல்லக் கூடாதுன்னு, நீங்க வச்சதை எல்லாம் எப்பவும் எனக்குத்தான் தள்ளிவிடுவா."

தட்டைக் கீழ போட்டுட்டு ஓடுனாரு. பெனிட்டாவும் பின்னால ஓடுனா. தாழ்ப்பாளை அவதான் திறந்தா.

அது எனக்குத் தெரியாமப் போச்சு மேடம். எத்தனை நாள் எங்கையால பரிமாறியிருக்கேன். முப்பது பேருக்கும் என்ன பிடிக்கும் பிடிக்காதுன்னு தெரிஞ்சவளுக்கு, அவளுக்குக் கருவாடு ஆகாதுன்னு தெரியல. பந்தி விசாரணையில அது ஒரு குறைதான். அதை நான் ஒத்துக்கிடுதேன்.

காலையிலேயே உயிர் போயிட்டுன்னு டாக்டர் எழுதியிருக்காருன்னு சொல்லுதீங்க. இருக்கும். நான் தட்டோட உள்ள போகையில உடம்பு சில்லுன்னு இருந்துச்சு. கண்ணை மூடிவிட்டேன், சேலையச் சரி பண்ணிவிட்டேன், பக்கத்துல உக்காந்து சாப்பிட்டேன். நீங்க அப்படிப் பார்க்காதீங்க. பந்தி பாதியில நடந்துக்கிட்டு இருக்கு, பிள்ளைக இன்னும் சாப்பிடல. அப்போ போயி சொன்னா வீடே ரெண்டுபட்டுப் போகும், ஒரு பிள்ளை வாயிலயும் சோறு போகாது. எல்லாரும் சாப்பிட்டு முடிக்கட்டும்னு நினைச்சேன். தம்பிகிட்ட தட்டைக் காட்டுததுக்கு முந்தியே பிள்ளைகளுக்கு ஊட்டிட்டேன். ப்ரியா அன்னைக்கு ரெண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டா.

மூப்பருக்கு இதுல எதுவும் தெரியாது. மகாராஜன் தம்பிக்கும் தெரியாது. தாழ்ப்பாளைப் போட்டது நான். ஆஸ்பத்திரிக்கு அனுப்பாதது நான். அவ சாவான்னு எனக்குத் தெரியுமான்னு கேட்டா, தெரியும். அந்தக் கடைசி நாள் தெரிஞ்சுதான் கதவைச் சாத்துனேன். அதையும் எழுதிக்கிடுங்க. எனக்குன்னு நான் எதுக்கும் ஆசைப்பட்டது கிடையாது, அந்த வீட்டுல யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க. எல்லாமே சபைக்காகத்தான்.

பிள்ளையை ராயகிரிக்கு, அவ அம்மை வீட்டுக்கு அனுப்பிட்டதா வெளிய ஏட்டம்மா சொன்னாக. அங்கன யாரு அதுக்குக் குழையப் பிசைஞ்சு உருட்டி ஊட்டப் போறா? தட்டுல போட்டு முன்னால வச்சுருவாக. அது அப்படியே பார்த்துக்கிட்டு இருக்கும், திங்காது. எங்கன கையெழுத்துப் போடணும்னு காட்டுங்க மேடம், எல்லாத்துலயும் போடுதேன். ஒரே ஒரு தடவ என் பிள்ளையை மட்டும் எங்கிட்ட கூட்டிட்டு வரச் சொல்லுங்க.